இருட்டுத் திரையில் மங்கும் சிவப்பு: மாரிக்கு முன் கேட்கவேண்டிய ஒரு கேள்வி

கார்த்திகையும் மார்கழியும் எங்களுக்கு நினைவுகூரலின் மாதங்கள். அவை புயலின் மாதங்களும்கூட. 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு மட்டக்களப்பைச் சூறையாடிய சூறாவளியை அங்குள்ள மூத்தவர்கள் இன்னமும் மறக்கவில்லை. 2008 நவம்பர் கடைசி வாரத்தில் வன்னியில் போர் நடந்துகொண்டிருந்தபோது வந்த நிஷா புயல், இடம்பெயர்ந்த சனங்களின் தறப்பாள் கொட்டில்களை வெள்ளத்தில் மூழ்கடித்தது. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரேவி, திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரை ஏறியது. 2025 நவம்பர் 28ஆம் திகதி டித்வா வந்தது. அது மலையகத்தை உடைத்து, வடக்கையும் கிழக்கையும் வெள்ளக்காடாக்கி, நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் காவுகொண்டது.

இந்தப் பட்டியலில் ஒரு விடயத்தைக் கவனிக்கலாம். மட்டக்களப்புச் சூறாவளி வந்தபோது எச்சரிக்கை வானொலியில் வந்தது. நிஷாவின்போது வன்னியில் மின்சாரம் இல்லை, பற்றறிக்கும் தட்டுப்பாடு. டித்வாவின்போது எச்சரிக்கை கைத்தொலைபேசியில், பெரும்பாலும் ஒரு படமாக வந்தது. இலங்கை வரைபடத்தின்மேல் பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு, ஊதா என்று பூசப்பட்ட ஒரு படம். அதை யாரோ ஒருவர் வட்ஸ்அப் குழுவில் போடுகிறார். இன்னொருவர் அதை வைபரில் கனடாவிலிருக்கும் தமையனுக்கு அனுப்புகிறார். தமையன் பதறிப்போய்த் திரும்ப ஊருக்கு அழைக்கிறார். ஒரு ஊரின் அன்றைய இரவு முடிவுகள் பல அந்தப் படத்தை வைத்தே எடுக்கப்படுகின்றன.

நான் வானிலை படித்தவன் அல்லன். செய்தித் தளங்களுக்கு வரைபடங்களும் வரைபுகளும் தயாரிப்பது என் வேலை. அந்த வேலையின் பகுதியாகக் கடந்த சில மாரிகளில் நூற்றுக்கணக்கான மழைப்படங்களைப் பார்த்திருக்கிறேன். அவற்றைப் பற்றி எங்கள் ஊடகங்களில் அதிகம் பேசப்படாத ஒரு விடயத்தை இங்கே எழுதுகிறேன். டார்க் மோட் என்று சொல்லப்படும் இருட்டுத்திரையில் இந்த நிறங்களுக்கு என்ன நடக்கிறது என்பதுதான் அது. கேட்கும்போது சில்லறை விடயமாகத் தெரியும். அப்படி அல்ல என்பதே என் வாதம்.

2019இல் அன்ட்ரொயிட் 10உம் ஐபோனின் ஐஓஎஸ் 13உம் வந்தபோது, தொலைபேசி முழுவதையும் கறுப்புப் பின்னணிக்கு மாற்றும் வசதி பொதுவானதாயிற்று. கண்ணுக்குக் குளிர்ச்சி என்று சிலர் அதை விரும்பிப் போட்டார்கள். ஆனால் பலருக்கு அது தானாகவே வருகிறது. அன்ட்ரொயிட் தொலைபேசியில் பற்றறி சேமிப்பு முறையைப் போட்டால் திரையும் சேர்ந்து கறுத்துவிடும். இதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். புயலன்று நடப்பது இதுதான்: முதலில் மின்சாரம் போகிறது. தொலைபேசியில் 30 வீதம்தான் மின்னேற்றம் மிஞ்சியிருக்கிறது. சேமிப்பு முறையைப் போடுகிறோம். திரை கறுக்கிறது, வெளிச்சமும் குறைகிறது. எச்சரிக்கைப் படம் மிக அவசியமாக இருக்கும் இரவில்தான் ஊரில் அதிகமான தொலைபேசிகள் இருட்டுத்திரையில் இருக்கும். அந்தப் படங்களை வரைந்தவர்களோ பெரும்பாலும் அலுவலகமொன்றில், பகல் வெளிச்சத்தில், வெள்ளைத்திரையில் வைத்து நிறம் தெரிந்தவர்கள்.

இனிக் கொஞ்சம் கணக்கு. பொறுமையாக வாசியுங்கள், நீண்ட கணக்கல்ல.

ஒரு நிறம் அதன் பின்னணியிலிருந்து எவ்வளவு பிரிந்து தெரிகிறது என்பதை அளக்க, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் சூத்திரம் ஒன்று உண்டு. அளவு 1 என்றால் வேறுபாடே இல்லை. வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடையிலான அளவு 21. வரைபடமொன்றின் முக்கியமான பகுதிகளுக்குக் குறைந்தது 3 இருக்கவேண்டும் என்பது அவர்களின் பரிந்துரை. இந்தச் சூத்திரத்தில் எங்கள் நாட்டில் புழங்கும் எச்சரிக்கை நிறங்கள் மூன்றையும் போட்டுப் பார்த்தேன். வெள்ளைப் பின்னணியில் தூய மஞ்சளின் அளவு 1.07. செம்மஞ்சள் ஏறத்தாழ 1.7. சிவப்பு 4. அபாயம் கூடக்கூட நிறம் எடுப்பாகிறது, கண் முதலில் சிவப்பிடம் போகிறது. சரியாகத்தான் இருக்கிறது. அதே மூன்று நிறங்களையும் கறுப்பின்மேல் வையுங்கள். மஞ்சள் 19.6. செம்மஞ்சள் 12.7. சிவப்பு 5.3.

வரிசை அப்படியே தலைகீழாகிவிட்டது. கறுப்புத் திரையில் கண்ணைப் பறிப்பது மஞ்சள், அதாவது ஆகக் குறைந்த எச்சரிக்கை. ஆக மங்கலாகக் கிடப்பது சிவப்பு. இன்னும் அழுத்திச் சொல்வதற்காகச் சிலர் கடுஞ்சிவப்பு, கருஞ்சிவப்பு என்று போடுவார்கள். வழமையான கருஞ்சிவப்பொன்றுக்குக் கறுப்பின்மேல் கிடைக்கும் அளவு 2 தான். பரிந்துரைக்கப்பட்ட 3ஐக்கூட எட்டாது. பொதுவாக மிகக் கனமழையைக் காட்டுவதற்கு வைக்கப்படும் கடும் ஊதாவின் கதியும் ஏறக்குறைய இதுதான். திரையின் வெளிச்சத்தையும் குறைத்துவிட்டால் அந்த இடம் வரைபடத்தில் விழுந்த ஒரு ஓட்டைபோலத் தெரியும். மழையே இல்லாத இடம் என்று நினைக்கத் தோன்றும்.

இது வெறும் ஏட்டுக்கணக்கு என்று எவரும் சொல்லக்கூடும். கடந்த மாரிகளில் ஒன்றில், வெள்ளத்தால் பாடசாலையொன்றில் தங்கவைக்கப்பட்டிருந்தவர்களைப் பார்க்கப் போயிருந்தபோது, ஒரு அம்மா தன் மகனின் தொலைபேசியை என்னிடம் நீட்டினார். ஏதோ ஒரு செயலியின் மழைப்படம், கறுப்புப் பின்னணி. "தம்பி, உந்தப் படத்திலை மஞ்சள்தானே எடுப்பாக் கிடக்கு. எங்கடை பக்கம் மங்கலாத்தானே இருக்கு. அப்ப விடிய வீட்டை போகலாம்தானே?" என்று கேட்டார். அவர் "மங்கல்" என்று சொன்ன இடம் கடும் ஊதாவில் இருந்தது. அந்தப் படத்தின் கணிப்பின்படி அன்றிரவு அதிக மழை விழவிருந்தது அங்கேதான். அந்த அம்மா படத்தைத் தவறாக வாசித்தார் என்று நான் சொல்லமாட்டேன். கறுப்பில் வெளிச்சமாய்த் தெரிவதுதான் முக்கியம் என்று கண் சொல்வதை அவர் வாசித்தார். பிழை படத்தில் இருக்கிறது.

கண் ஏன் அப்படிச் சொல்கிறது என்பதை விளங்கிக்கொள்ளப் பள்ளிக்கூட நாட்களை நினைத்தால் போதும். தாளில் பென்சிலை அழுத்த அழுத்தக் கறுக்கும். ஆகவே வெள்ளைத் தாளில் கருமை என்றால் கூட. கரும்பலகையில் சோக்கை அழுத்த அழுத்த வெளுக்கும். ஆகவே அங்கே வெண்மை என்றால் கூட. பூசப்படும் பொருள் எங்கே தடிப்பாக இருக்கிறதோ அங்கே அளவு அதிகம் என்று மனம் எடுத்துக்கொள்கிறது. அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கரன் ஷ்லோசும் அவரது குழுவினரும் 2019இல் வெளியிட்ட ஆய்வும் இதையே ஆராய்ந்தது. கருமையான நிறத்தை அதிக அளவாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் மனிதரிடம் பலமாக உண்டு. ஆனால் பின்னணி கறுப்பாகி, நிறங்கள் அந்தக் கறுப்புக்குள் கரைவதுபோலத் தெரியும்போது, எதிர்த்திசையில் இழுக்கும் இன்னொரு பழக்கமும் வேலை செய்யத் தொடங்குகிறது. ஒரே நிறவரிசையை இரண்டு திரைகளுக்கும் பாவிப்பது, பென்சிலுக்கும் சோக்குக்கும் வேறுபாடு இல்லை என்று நினைப்பதற்குச் சமன்.

வானவில் நிறங்கள் வேறு ஒரு தலையிடி. நீலத்தில் தொடங்கிப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று போகும் வரிசைதான் வானிலைப் படங்களில் அதிகம். அதில் வெளிச்சம் ஒரே சீராகக் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. நடுவிலுள்ள மஞ்சள் பளிச்சென்று நிற்கும், இரண்டு முனைகளும் இருளும். ஆக, நடுத்தர மழை விழும் இடம்தான் புயலின் மையம்போலத் தெரியும். 2007இலேயே டேவிட் போர்லண்ட், ரசல் டெய்லர் இருவரும் இந்த வரிசையைக் கைவிடுங்கள் என்று எழுதினார்கள். 2020இல் ஃபேபியோ கிராமேரியும் சக ஆய்வாளர்களும் அதே முறைப்பாட்டை இன்னும் விரிவாக முன்வைத்தார்கள். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவதில் சிரமம் உண்டு. ஆசிய மக்களில் இந்த வீதம் குறைவென்றாலும், ஒரு கிராமத்தில் பலர் இருக்கத்தான் செய்வார்கள். எங்கள் ஊர்களில் இதோடு வேறு கணக்குகளும் சேரும். போரில் ஒரு கண்ணை இழந்தவர்கள், கண்ணருகே சன்னத்துண்டோடு வாழ்பவர்கள், கண்புரையை வெட்டுவதற்கு ஆஸ்பத்திரித் திகதிக்காகக் காத்திருக்கும் தனித்த முதியவர்கள் எங்களிடையே அரிதானவர்கள் அல்லர். உடைந்த திரையோடு ஓடும் தொலைபேசியையும் இந்தக் கணக்கில் சேர்க்கவேண்டும்.

அப்படியானால் விஞ்ஞானிகள் கண்டுபிடித்த நல்ல நிறவரிசை ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டால் போதாதா? எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. விரிடிஸ் என்று ஒரு வரிசை உண்டு. மட்பிளொட்லிப் என்ற வரைபு மென்பொருள் 2017 முதல் அதையே இயல்பான வரிசையாக வைத்திருக்கிறது. கடும் ஊதாவில் தொடங்கிப் பச்சைக்கூடாக மஞ்சளில் முடியும். வெளிச்சம் சீராக ஏறும், நிறக்குருடு உள்ளவர்களும் வாசிக்கலாம், கறுப்புத் திரைக்கும் பொருந்தும். ஆனால் அதன் உச்சம் மஞ்சள். எங்கள் சனங்களுக்கு மஞ்சள் என்றால் "விழிப்பாயிருங்கள்", அவ்வளவுதான். மண்சரிவு அபாயத்துக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் அறிவித்தல்களில் மஞ்சள் முதற்படி, செம்மஞ்சள் இரண்டாம் படி, சிவப்பு என்றால் வெளியேறு. மீரியபெத்தையில் 2014 ஒக்ரோபர் 29ஆம் திகதி லயன் வீடுகள் மண்ணுக்குள் போனதற்குப் பின்னரும், டித்வாவுக்குப் பின்னரும், மலையகத்தில் இந்த மூன்று சொற்களுக்கும் உயிரோடு சம்பந்தப்பட்ட பொருள் இருக்கிறது. அந்தப் பொருளைக் குழப்பும் எந்த நிறவரிசையும், எவ்வளவு விஞ்ஞானபூர்வமானதாக இருந்தாலும், எச்சரிக்கைக்கு உதவாது. ஆய்வுக்கட்டுரையில் போடுவதற்கு நல்லது.

பழகிய நிறத்தை மாற்றினால் என்ன நடக்கும் என்பதற்கு அண்மைய உதாரணம் அவுஸ்திரேலியா. 2025 ஒக்ரோபரில் அந்நாட்டின் வானிலைப் பணியகம் தன் இணையத்தளத்தைப் புதுப்பித்தபோது மழை ராடரின் நிறங்களும் மாறின. குவீன்ஸ்லாந்தில் கடும் புயல் மழை பெய்துகொண்டிருந்த நேரம். புதிய நிறங்களில் புயலின் கடுமை தெரியவில்லை என்று விவசாயிகளும் உள்ளூராட்சித் தலைவர்களும் கொதித்தெழுந்தார்கள். சில நாட்களிலேயே பழைய நிறங்களை மீளக் கொண்டுவர நேர்ந்தது. அங்கே கொதித்தெழ ஒரு வழி இருந்தது, கேட்க ஒரு அமைச்சர் இருந்தார். நிறம் என்பது அலங்காரமல்ல, அது ஒரு மொழி என்பதை அந்த விவசாயிகள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே அறிந்திருந்தார்கள்.

மொழி என்று சொன்னதும் எங்களுடைய பழைய காயத்துக்கு வரவேண்டியிருக்கிறது. 1987இல் 13ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியாயிற்று. ஆனால் டித்வா நாட்களில் அரச நிறுவனங்களின் எச்சரிக்கைகள் தமிழில் பிந்தி வந்தன அல்லது வரவேயில்லை என்ற விமர்சனம் பரவலாக எழுந்தது. அந்த இடைவெளியை நிரப்பியது யார்? யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் புவியியற்றுறையைச் சேர்ந்த நாகமுத்து பிரதீபராஜா போன்றவர்கள் முகநூலில் தமிழில் எழுதும் முன்னறிவிப்புகள். வெளிநாட்டுச் செயலிகளின் படங்கள். எங்களிலிருந்து ஏறத்தாழ 140 கிலோமீற்றர் தூரத்திலுள்ள காரைக்காலில் இந்திய வானிலைத் திணைக்களம் வைத்திருக்கும் ராடரின் படம். வடமராட்சிக் கடலுக்கு மேலே நிற்கும் மழை முகிலைக் காரைக்கால் ராடரில் பார்த்துவிட்டு வள்ளத்தை இழுத்துக் கட்டும் இளம் மீனவர்கள் இருக்கிறார்கள். படத்துக்கு மொழி தேவையில்லை என்பதால் நாங்கள் படத்திடம் போனோம். அந்தப் படமும் பொய் சொன்னால் நாங்கள் எங்கே போவது?

இங்கே ஒரு ஆபத்தையும் சொல்லவேண்டும். நிறப்படம் எல்லோருக்கும் விளங்கும், ஆகவே தமிழில் தனியாக அறிவிக்கத் தேவையில்லை என்று ஒரு அலுவலகம் நினைக்கக்கூடும். அப்படிப்பட்ட வாதத்துக்கு இந்தக் கட்டுரை துணைபோகக்கூடாது. சிவப்பு என்று காட்டும் படம், எந்தப் பாதை வெட்டுப்பட்டிருக்கிறது, எந்தப் பாடசாலை திறந்திருக்கிறது, இரணைமடுவின் வான்கதவுகள் எத்தனை மணிக்குத் திறக்கப்படும் என்று சொல்லாது. 2018 டிசம்பரில் கிளிநொச்சி இரவோடிரவாக மூழ்கியபோது சனங்களுக்குத் தேவைப்பட்டது அந்தத் தகவல்தான்.

எங்கள் மக்களுக்கு ஒரு எச்சரிக்கை எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு நல்ல முன்மாதிரி எங்கள் மண்ணிலேயே இருந்தது. மீள்குடியேற்றக் காலத்தில் வன்னியெங்கும் நடப்பட்டிருந்த மிதிவெடிப் பலகைகளை நினைத்துப் பாருங்கள். சிவப்புப் பின்னணி. அதில் வெள்ளையில் மண்டையோடு. கீழே மூன்று மொழியிலும் எழுத்து. நிறம் வெளுத்துப்போனாலும் மண்டையோடு தெரியும். எழுத்து வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கும் அது விளங்கும். அந்திக் கருக்கலில் சிவப்பு கறுப்பாய்த் தெரிந்தாலும் வெள்ளை உருவம் நிற்கும். ஒரே செய்தியை மூன்று வழியில் சொன்ன பலகை அது. அந்தப் பலகைகளை வடிவமைத்தவர்கள் நிறத்தை மட்டும் நம்பியிருக்கவில்லை. வானிலைப் படங்களை வரைபவர்களிடம் நான் எதிர்பார்ப்பது அதே அளவு அக்கறையை மட்டும்தான்.

நடைமுறையில் என்ன செய்யலாம்? இருட்டுத்திரைக்கு என்று தனியாக ஒரு நிறத்தொகுதி வேண்டும். பழகிய மூன்று நிறங்களை மாற்றத் தேவையில்லை, அவற்றின் வெளிச்சத்தை மாற்றினால் போதும். மஞ்சளைக் கடுகுநிறம் அளவுக்கு இறக்கலாம். செம்மஞ்சளைச் சற்று இறக்கலாம். சிவப்புக்குள் கொஞ்சம் வெள்ளையைக் கலந்து உயர்த்தலாம். நான் கணக்கிட்டுப் பார்த்த ஒரு தொகுதியில் கறுப்பின்மேல் மஞ்சளுக்கு 3.9, செம்மஞ்சளுக்கு 7.1, சிவப்புக்கு 9.2 வந்தது. வரிசை நேராகிவிட்டது. இதற்கு ஒரு விலையும் உண்டு. கடுகுமஞ்சள் கொஞ்சம் மண்ணிறமாய்த் தெரியும், வெள்ளை கலந்த சிவப்பு கொஞ்சம் ரோசாவாகத் தெரியும். ஆகவே நிறத்தோடு விட்டுவிடாமல், சிவப்புப் பகுதியைச் சுற்றித் தடித்த வெள்ளைக் கோடு போடவேண்டும். அந்தப் பகுதிக்குள்ளேயே மழையின் அளவை இலக்கத்தில் எழுதவேண்டும். 150 மில்லிமீற்றர் என்று உள்ளேயே எழுதியிருந்தால், நிறம் என்னவாக இருந்தாலும் வாசிக்கலாம்.

பின்னணி முழுக் கறுப்பாக இருக்கத் தேவையில்லை. கடும் சாம்பல் நல்லது. கடலுக்கும் தரைக்கும் சிறு வேறுபாடு வேண்டும், இல்லாவிட்டால் கரையோரக் கோடு காணாமற்போய், முல்லைத்தீவு எங்கே, கடல் எங்கே என்று தேடவேண்டிவரும். இணையத்தளங்களில் பின்னணி இல்லாத படங்களைப் போடும்போது இது அடிக்கடி நடக்கிறது. வெள்ளைப் பக்கத்தில் கறுப்பாய்த் தெரிந்த ஊர்ப்பெயர்கள், பக்கம் கறுத்ததும் அதற்குள்ளேயே மறைந்துவிடுகின்றன. நிறங்கள் மட்டும் அந்தரத்தில் மிதக்கும். இரண்டு நிறத்தொகுதி செய்ய வசதியில்லாத சிறிய ஊடகங்கள், எந்தத் திரையிலும் மாறாதபடி படத்துக்குள்ளேயே வெள்ளைப் பின்னணியைப் பதித்துவிடுவது மேல். இருட்டில் கண் கூசும்தான். ஆனால் பொய் சொல்லாது.

பற்றறி மிச்சப்படும் என்ற நியாயத்தையும் பார்த்துவிடுவோம். அமெரிக்காவின் பேர்டியூ பல்கலைக்கழகத்தில் 2021இல் ஓலெட் திரைகளை அளந்து பார்த்தார்கள். திரையின் வெளிச்சம் 30 முதல் 50 வீதத்தில் இருக்கும்போது இருட்டுத்திரையால் மிச்சப்படும் மின்சக்தி 3 முதல் 9 வீதம்தான். முழு வெளிச்சத்தில் வைத்தால்தான் 40 வீதமளவில் மிச்சம். எங்கள் ஊர்களில் பலரிடம் இருக்கும் மலிவு தொலைபேசிகள் எல்சிடி திரை கொண்டவை. அவற்றில் கறுப்பைக் காட்டவும் பின்விளக்கு எரிந்துகொண்டேயிருக்கும். ஆகவே புயல் இரவில் எச்சரிக்கைப் படத்தைப் பார்க்கும் அரை நிமிடத்துக்கு வெள்ளைத்திரைக்கு மாறுவதால் குடியொன்றும் முழுகிவிடாது.

திரைப்பிடிப்புகள் பற்றியும் ஒரு சொல். இருட்டுத்திரையில் எடுக்கப்பட்ட திரைப்பிடிப்பு, வெள்ளைத்திரை வைத்திருப்பவரிடமும் கறுப்பாகவேதான் போய்ச்சேரும். அதைவிட மோசம், அனுப்புகிறவர் படத்தை அழகாக வெட்டி அனுப்புவது. எந்த நிறம் எத்தனை மில்லிமீற்றர் என்று சொல்லும் நிறப்பட்டை பெரும்பாலும் ஓரத்தில் இருப்பதால் அதுதான் முதலில் வெட்டுப்படும். திகதியும் மணியும் அதோடு போகும். ஒரு செயலியில் ஊதா என்றால் 50 மில்லிமீற்றர், இன்னொன்றில் 200. சிலவற்றில் அது மூன்று மணித்தியால மழை, சிலவற்றில் பத்து நாள் மழை. பத்து நாள் மழைப்படம் ஒன்று "இன்றிரவு வரப்போகிறது" என்ற குரற்பதிவோடு ஊரெல்லாம் சுற்றி, சனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கோயிலடியில் நின்றதும் நடந்திருக்கிறது. போரின்போது ஓடிப் பழகிய சனத்துக்கு மூட்டை கட்ட ஐந்து நிமிடம் போதும். அடுத்தமுறை உண்மையான எச்சரிக்கை வரும்போது அவர்கள் எழும்புவார்களா என்பதுதான் கவலை.

படம் வரைபவர்களுக்கு ஒரு மலிவான சோதனை இருக்கிறது. படத்தைக் கறுப்பு வெள்ளையில் ஒரு நிழற்பிரதி எடுத்துப் பாருங்கள். ஆகக் கடுமையான இடம் எதுவென்று அதில் உடனே தெரியாவிட்டால், அந்தப் படம் தேறவில்லை. கிராம அலுவலரின் அலுவலகச் சுவரில் ஒட்டப்படுவதும் அநேகமாக அப்படிப்பட்ட ஒரு நிழற்பிரதிதான். பிறகு விளக்குகளை அணைத்துவிட்டு, தொலைபேசியின் வெளிச்சத்தை அடிமட்டத்துக்கு இறக்கி, இருட்டுத்திரையில் பாருங்கள். விடியப்புறம் மூன்று மணிக்கு வாடியில் நின்று, தொழிலுக்குப் போவதா விடுவதா என்று பார்க்கும் மீனவரின் திரை அதுதான்.

குழுக்களை நடத்துபவர்கள் இதற்கெல்லாம் காத்திருக்கத் தேவையில்லை. படத்தின் கீழே தமிழில் இரண்டு வரி: எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்தப் பிரதேசத்துக்கு எந்தப் படி, படம் எங்கிருந்து எடுக்கப்பட்டது. நிறத்தின் பெயரையும் எழுத்தில் எழுதுங்கள். "கரைதுறைப்பற்று – சிவப்பு" என்று எழுத்தில் இருந்தால் எந்தத் திரையும் அதை மங்கச் செய்யாது.

மாரிக்கு முன்னர் மாவட்டச் செயலகங்களிலும் பிரதேச செயலகங்களிலும் அனர்த்த ஆயத்தக் கூட்டங்கள் கூட்டப்படுவது வழமை. வாய்க்கால் துப்பரவு, மணல் மூட்டை, உலர் உணவு என்று நிகழ்ச்சிநிரல் போகும். கிராம அபிவிருத்திச் சங்கங்களும் கடற்றொழிலாளர் சங்கங்களும் அங்கே போகின்றன. இம்முறை அவர்கள் இரண்டு விடயங்களைக் கேட்டு எழுத்தில் பெறலாம். இந்த மாவட்டத்துக்கு வரும் வானிலை, வெள்ள, மண்சரிவு எச்சரிக்கைகளில் ஒவ்வொரு நிறத்துக்கும் என்ன பொருள், எத்தனை மில்லிமீற்றர், சனம் என்ன செய்யவேண்டும் என்பதைத் தமிழில் ஒரே தாளில் தரமுடியுமா? அந்தப் படங்களை இரவில், கறுப்புத் திரையில், யாராவது பார்த்துச் சோதித்திருக்கிறார்களா? இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல அங்கே எவருமில்லை என்றால், கூட்டம் முடியும்வரை காத்திராமல் அங்கேயே ஒரு தொலைபேசியை இருட்டுத்திரைக்கு மாற்றிக் கடந்த வருடத்துப் படமொன்றை மேசைக்கு மேசை கைமாற்றிப் பார்க்கலாம்.